பாரமகால் போர்கள்: கோட்டைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை மலைக்கோட்டைகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கல்லூரிப் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பங்கள், உள்ளூர்ப் பெரியவர்கள் என யார் வந்தாலும் இதேதான். படி ஏறிக்கொண்டே சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பாரமகால் பாரமகால்னு சொல்றீங்களே சார், அது எந்த ஊரு?

ஊர் இல்லை, ஒரு சீமை. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கமும் சேர்ந்தது. பன்னிரண்டு கோட்டைகள் இருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகராஜகடை, தட்டக்கல் போன்றவை அந்த வரிசையில் வரும். மீதி எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. அதில் ரொம்பத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூர் இதில் சேராது. ஓசூர் மைசூர் மேட்டு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட முன்னூறு, நானூறு மீட்டர் தாழ்வு. சூளகிரி தாண்டிக் கீழே இறங்கும்போது காது அடைப்பதை வைத்தே அந்த வித்தியாசம் தெரியும். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த இறக்கம்தான் அடிப்படை.

யாருக்கும் யாருக்கும் சண்டை? மொத்தம் எத்தனை தடவை?

மைசூரை ஆண்ட ஹைதர் அலி, அவருக்குப் பின் மகன் திப்பு சுல்தான் ஒரு பக்கம். சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காடு நவாப் முகமது அலியும் இன்னொரு பக்கம். நான்கு போர்கள்: 1767 முதல் 1769 வரை, 1780 முதல் 1784 வரை, 1790 முதல் 1792 வரை, கடைசியாக 1799. ஹைதராபாத் நிஜாமும் மராட்டியர்களும் சமயத்துக்கு ஏற்ப இடம் மாறினார்கள். முதல் போரில் நிஜாம் முதலில் கம்பெனியோடு இருந்தார், 1767-லேயே ஹைதரின் கூட்டாளியானார். 1768 பிப்ரவரியிலேயே கம்பெனியோடு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டார்.

மைசூருக்கும் மெட்ராஸுக்கும் சண்டைன்னா நம்ம ஊரு எதுக்கு நடுவுல மாட்டுச்சு?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே மைசூர் மேடு. கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி. நடுவில் சுற்றிலும் மலை சூழ்ந்த ஒரு தட்டு மாதிரி பாரமகால். மேட்டிலிருந்து இந்தத் தட்டுக்குள் இறங்க இராயக்கோட்டை போன்ற சில வழிகள். தட்டிலிருந்து வெளியேற மூன்று பெரிய வாசல்கள்: வடகிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு, கிழக்கே சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை, தெற்கே தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம்.

இந்தத் தட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் எந்த வாசலில் இறங்குவார் என்று எதிரிக்குத் தெரியாது. மைசூர்ப் படை கிருஷ்ணகிரியில் கூடினால் வேலூருக்குக் காவல் போடுவதா, திருச்சிக்குப் போடுவதா என்று சென்னையில் இருப்பவர்கள் முழிக்க வேண்டியதுதான். 1780 ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாகப் பெரும் படையோடு இறங்கியபோது அதுதான் நடந்தது. கம்பெனிப் படைகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. அவை ஒன்று சேருவதற்குள் செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் பிரிவு அழிந்தது.

மறுபக்கமிருந்து பார்த்தால், கம்பெனிக்குப் பாரமகால் கிடைத்தால் மைசூர் மேட்டின் அடிவாரம்வரை தானியக் கிடங்கை நகர்த்திவிடலாம். இன்றும் சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் கிருஷ்ணகிரியில்தான் வந்து முடிச்சுப் போடுகின்றன. நிலம் அமைந்தபடிதான் சாலையும் அமைகிறது.

மலை உச்சியில கோட்டையைக் கட்டி வெச்சா கீழே போற படையை எப்படித் தடுக்க முடியும்? குண்டு அவ்வளவு தூரம் வருமா?

வராது. அந்தக் காலப் பீரங்கியைத் தோராயமாக ஒரு கிலோமீட்டருக்குள்தான் நம்பிக் குறி வைக்க முடியும். அதிலும் உச்சியிலிருந்து நேர் கீழே சுடுவதற்குக் குழலை அந்த அளவுக்குத் தாழ்த்த முடியாது. கோட்டை மேலே நின்றுகொண்டு சாலையை மறிக்கும் என்று நினைத்தால் எதுவும் புரியாது.

கோட்டை செய்த வேலை வேறு. உள்ளே இருநூறு, முன்னூறு பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டாயிரம் பேர் கொண்ட படை கீழே தாராளமாகக் கடந்து போகலாம். ஆனால் அந்தப் படைக்குப் பின்னால் அரிசி மூட்டை, வெடிமருந்து, சம்பளப் பணம், காயம்பட்டவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை தினமும் வந்துபோய்க்கொண்டே இருக்க வேண்டும். கோட்டையில் இருப்பவர்கள் இராத்திரி இறங்கி வந்து அந்த வரிசையை அடிப்பார்கள். துரத்தினால் மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் முன்னேறும் தளபதிக்கு இரண்டே வழிகள். கோட்டையைப் பிடிக்க நாட்களைச் செலவழிக்க வேண்டும், அல்லது அதைக் கண்காணிக்கப் பாதிப் படையை விட்டுப் போக வேண்டும். எதைச் செய்தாலும் கோட்டைக்காரனுக்கு லாபம்.

அப்புறம், கோட்டை ஒரு களஞ்சியம். சுற்றுவட்டாரத்து வரித் தானியம் அங்கேதான் சேரும். கோட்டையை இழந்தவன் அடுத்த மூன்று மாதச் சாப்பாட்டையும் இழந்தான்.

கிருஷ்ணகிரிக் கோட்டையை வெள்ளைக்காரன் பிடிச்சானா இல்லையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே அண்ணா?

எல்லாரும் சொல்வது சரிதான். ஆளாளுக்கு வெவ்வேறு வருடத்தைச் சொல்கிறார்கள்.

1767 கோடையில் கம்பெனித் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித் பாரமகாலுக்குள் வந்தார். காவேரிப்பட்டினம் போன்ற தரைக்கோட்டைகள் சுலபமாகக் கிடைத்தன. கிருஷ்ணகிரியில் ஏறிப் பிடிக்கப் பார்த்தது தோல்வியில் முடிந்தது. சரி, பட்டினி போடலாம் என்று சுற்றி உட்கார்ந்தார்கள். ஆகஸ்டு கடைசியில் ஹைதரும் நிஜாமும் மேட்டிலிருந்து இறங்கி வரவே, எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செங்கம் பக்கம் போக வேண்டியதாயிற்று. நிஜாம் விலகிய பிறகு மறுபடி முற்றுகை போட்டார்கள். 1768 மே மாதம் கோட்டை பணிந்தது. பீரங்கி சாதிக்காததைப் பசி சாதித்தது. ஆனால் 1769 உடன்படிக்கையில் ஒருவர் பிடித்ததை மற்றவருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் கோட்டை மைசூர் வசமே போனது.

மூன்றாவது தடவை 1791 நவம்பர் 7. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கர்னல் மேக்ஸ்வெல் ஒரு வாரம் முன்பு பென்னாகரத்தைப் பிடித்திருந்தார். அந்த வேகத்தில் கிருஷ்ணகிரிக்கு வந்து, இராத்திரியில் ஏணி வைத்துக் கீழ்க்கோட்டைக்குள் குதித்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் மேல்கோட்டையை நோக்கி ஓட, அவர்களோடு கலந்தே மேல்வாசலுக்குள் நுழைந்துவிடலாம் என்பது திட்டம். நூலிழையில் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாசலுக்குக் கீழே நின்று ஏணி போடப் பார்த்தார்கள். மேலே இருந்தவர்கள் துப்பாக்கியைவிடப் பாறையைத்தான் நம்பினார்கள். உருட்டிவிட்ட கற்கள் ஏணிகளையும் ஆட்களையும் சேர்த்து நொறுக்கின. கடைசியில் மேக்ஸ்வெல் கோட்டையடி ஊரான பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பினார்.

மேலே ஏறும்போது அந்த வளைவுகளில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க இடம் இல்லாத படிகள், தலைக்கு மேலே மொட்டைப் பாறை. கையில் துப்பாக்கியும் தோளில் ஏணியுமாக இருட்டில் இதில் ஏறியவர்களை நினைத்தால் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் மனசு கனக்கிறது.

நான்காவது முறை கோட்டை கைமாறியது காகிதத்தில். 1792 மார்ச் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலைத் திப்பு விட்டுக்கொடுத்தார். ஆகவே ஏறிப் பிடித்தார்களா என்றால், மேல்கோட்டையை ஒருபோதும் இல்லை.

அவ்வளவு உசரத்துல தண்ணிக்கு என்ன பண்ணாங்க?

சுனைகள். பாறைப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கும்படி கரை கட்டியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலும் இராயக்கோட்டையிலும் இன்றும் பார்க்கலாம். தயவுசெய்து அதில் தண்ணீர் பாட்டிலை எறியாதீர்கள். முற்றுகை எத்தனை நாள் தாங்கும் என்பதை இந்தச் சுனைகளும் தானியக் கிடங்கும் சேர்ந்துதான் முடிவு செய்தன. மழைக்கு முன் முற்றுகை போட்டால் ஒரு கணக்கு, மழைக்குப் பின் என்றால் வேறு கணக்கு.

கோட்டையைப் பட்டினி போட்டுப் பிடிக்கிறது வேற நாட்டுலயும் நடந்திருக்கா? பரீட்சைக்கு ஒப்பிட்டு எழுதணும்.

நிறைய. உங்கள் பாடத்தில் இருக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் இருந்த விக்ஸ்பர்க் நகரத்தை வடக்கு மாநிலங்களின் தளபதி கிராண்ட் 1863 மே மாதம் வளைத்தார். முதலில் நேரடியாக ஏறி இரண்டு தடவை மோதினார். இரண்டும் தோல்வி. பிறகு சுற்றி அகழி வெட்டி உட்கார்ந்துவிட்டார். 47 நாளில், ஜூலை 4-ம் தேதி, சுமார் 29,000 பேர் சரணடைந்தார்கள். அடுத்த சில நாளில் ஆற்றின் முழு நீளமும் வடக்கின் கைக்கு வந்து தெற்கு இரண்டு துண்டாகப் போயிற்று.

1767, 68-ல் கிருஷ்ணகிரியில் ஸ்மித் செய்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முதலில் மோதல், அப்புறம் பட்டினி. வித்தியாசம் ஒன்றுதான். விக்ஸ்பர்க்கைக் காப்பாற்ற வெளியிலிருந்து படை வந்து சேரவில்லை. கிருஷ்ணகிரிக்கு முதல் தடவை ஹைதர் வந்தார். முற்றுகையில் கோட்டைச் சுவரைவிட முக்கியம், மீட்க வரும் படை எங்கே நிற்கிறது என்பது. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் நிச்சயம் கிடைக்கும்.

ஹைதர் நேருக்கு நேர் சண்டையில எல்லாம் தோத்தாரு. அப்புறம் எப்படி மெட்ராஸ் வரைக்கும் வந்தாரு?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

1767 செப்டம்பர் 3-ல் செங்கத்தில் ஸ்மித் ஜெயித்தார். உண்மை. ஆனால் அந்தக் களேபரத்தில் மைசூர்க் குதிரைவீரர்கள் பின்னால் வந்த சாமான் வரிசையில் புகுந்து அரிசியைக் கொள்ளையடித்துவிட்டார்கள். ஜெயித்த படை வெறும் வயிற்றோடு திருவண்ணாமலைக்கு ஓடியது. செப்டம்பர் 26-ல் திருவண்ணாமலையிலும் ஸ்மித்தே ஜெயித்தார். அந்தச் சமயத்தில் பதினாறு, பதினேழு வயதுத் திப்பு ஒரு குதிரைப்படையோடு சென்னையின் புறநகரைச் சூறையாடிக்கொண்டிருந்தார். களத்தில் வென்றவனுக்கு நிம்மதி இல்லை.

மறு வருடம் கம்பெனி ஒரு பெரிய தவறு செய்தது. கர்னல் வுட் 1768-ல் தருமபுரி, சேலம், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று வரிசையாகக் கோட்டைகளைப் பிடித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிடித்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்களைக் காவலுக்கு வைத்தார். படை கரைந்தது. வருடக் கடைசியில் ஹைதர் மேட்டிலிருந்து இறங்கி, தருமபுரியில் தொடங்கி அந்தக் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் ஒரு வருட உழைப்பு போயிற்று.

1769 மார்ச்சில் அவர் செய்ததுதான் உச்சம். பெரும் படையையும் பீரங்கிகளையும் சாமான்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, 6,000 குதிரைகளும் 200 காலாட்களும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்றரை நாளில் 130 மைல் ஓடிப் பரங்கிமலையில் போய் நின்றார். கம்பெனியின் நல்ல படை ஸ்மித்தோடு எங்கோ பின்னால் இருந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஹைதர் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடைப்பட்ட நாட்களில் ஜெயித்தவர். அமெரிக்கப் போரில் 1864 நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து கிளம்பி, தன் சாமான் வரிசையைத் தானே அறுத்துக்கொண்டு கடற்கரைவரை போனதைப் படித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் அதே துணிச்சலை ஏறக்குறைய நூறு வருடம் முன்பே பார்த்திருக்கிறோம்.

மாட்டை ஓட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு போர்த் தந்திரமா? திருட்டு மாதிரி இருக்கே?

நம் மண்ணில் போரே அப்படித்தான் தொடங்கும். வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், கரந்தை என்றால் மீட்டல். பள்ளியில் படித்த புறத்திணை வரிசையில் முதலில் வருவது அதுதானே. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு வைத்த கற்கள் அதில் எத்தனை! அதியமான் ஆண்ட தகடூர் மண் இது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மாட்டின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. கோட்டைச் சுவரை உடைக்கும் ஒரு பெரிய பீரங்கியை இழுக்க டஜன் கணக்கில் காளைகள் தேவை. அரிசி, குண்டு, கூடாரம் எல்லாம் மாட்டின் முதுகில்தான். மாடு போனால் படை நின்ற இடத்தில் நிற்கும். 1767 ஆகஸ்டில் ஹைதரின் குதிரைவீரர்கள் பாரமகாலுக்குள் இறங்கியதும் முதலில் கைவைத்தது மேய்ச்சலில் இருந்த ஸ்மித்தின் மாடுகள்மேல். பீரங்கியைத் தொடாமலே பீரங்கியை முடக்கிவிட்டார்கள்.

மைசூர் இதில் ரொம்ப முன்னால் இருந்தது. பீரங்கி இழுக்கவென்றே நல்ல ஜாதி மாடுகளை அரசு செலவில் வளர்த்தார்கள். திப்பு காலத்தில் அமிர்த மகால் என்று பெயர் பெற்ற மந்தை அதுதான். கம்பெனிக்காரர்கள் சந்தையில் கிடைத்த மாட்டை வாடகைக்குப் பிடித்துக் கஷ்டப்பட்டார்கள். பிற்பாடு ஊர் ஊராகத் தானியம் சுமந்து விற்ற லம்பாடிகளின் மாட்டு மந்தைகளைப் பணம் கொடுத்துத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அவர்களால் மைசூர் மேட்டில் நிலைத்து நிற்க முடிந்தது. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாடு இன்று அருகிப்போய்க் கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக் காளைக்குப் பேரரசுகள் போட்டி போட்டன.

தொப்பூர் கணவாயில திப்பு தப்பிச்சாருன்னு எங்க தாத்தா சொல்வாரு. நிஜமா, கதையா?

நிஜம். 1790 நவம்பர். கம்பெனித் தளபதி ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய படையோடு இருந்தார். மேக்ஸ்வெல் இன்னொரு படையோடு பாரமகாலுக்குள் வந்து காவேரிப்பட்டினத்தில் தங்கியிருந்தார். இரண்டும் சேருவதற்குள் சின்னதை அடித்துவிட வேண்டும் என்று திப்பு வேகமாக வடக்கே வந்தார். மேக்ஸ்வெல் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வெளியே வரவில்லை. மெடோஸும் பின்னாலேயே வந்துவிட, 17-ம் தேதி இரண்டு படைகளும் சேர்ந்தன. இப்போது மாட்டிக்கொண்டவர் திப்பு.

அடுத்த நாள் இரு தரப்பும் தொப்பூரை நோக்கி ஒரே நேரத்தில் நடந்தன. மெடோஸ் கணவாய்க்கு வந்தபோது திப்புவின் படை உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. பீரங்கியும் வண்டியும் குறுகிய இறக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டிய இடம். அந்த நேரத்தில் பலமாகத் தாக்கியிருந்தால் பெரிய சேதம் ஆகியிருக்கும். குதிரைப்படை பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ள, திப்பு தெற்கே வழுக்கிக்கொண்டு போய்விட்டார். சில நாளில் திருச்சிக்கு எதிரே தெரிந்தார். பிறகு திருவண்ணாமலை, அதன்பின் புதுச்சேரிப் பக்கம். மூன்றாவது கேள்வியில் சொன்ன வாசல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? தொப்பூர் வாசலைக் காவல் இல்லாமல் விட்டதற்கு விலை இது. இன்று அதே இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் கவிழும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் அதில் எப்படி இறங்கின என்று யோசிக்கிறேன்.

கார்ன்வாலிஸ் பெங்களூரைப் பிடிச்சது நம்ம வழியா வந்துதானே?

இல்லை. 1791 பிப்ரவரியில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலான கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கம் போவதுபோல் பாவனை காட்டினார். திப்பு பாரமகால் கணவாய்களை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, படையைத் திருப்பிச் சித்தூருக்கு மேற்கே முகிலிக் கணவாய் வழியாக ஒரு குண்டு கூடச் சுடாமல் மேட்டில் ஏறிவிட்டார். மார்ச் 21-ல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது.

ஆனால் பாரமகாலைத் தாண்டிக் குதித்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. மே மாதம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் போய் ஒரு சண்டையும் ஜெயித்தார். சுற்றிலும் புல், தானியம் எதுவும் இல்லாமல் திப்பு அழித்துவைத்திருந்தார். மழை, மாட்டு நோய், பசி. மாடுகள் கும்பல் கும்பலாகச் செத்தன. அவ்வளவு பாடுபட்டு இழுத்து வந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

அதன்பின் செய்த முதல் வேலை, ஜூலையில் ஓசூரையும் இராயக்கோட்டையையும் எடுத்தது. இராயக்கோட்டை கிடைத்ததும் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நேர்வழி திறந்தது. ஆகஸ்டில் வந்து சேர்ந்த ஒரு வரிசையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்: பணம் சுமந்த நூறு யானைகள் இரண்டிரண்டாக, அரிசி சுமந்த ஆறாயிரம் மாடுகள், சாராயம் ஏற்றிய நூறு வண்டிகள், கூடவே நூற்றுக்கணக்கான கூலிகள். திப்புவின் தோல்வி எங்கே தொடங்கியது என்று என்னைக் கேட்டால் அந்த யானை வரிசையைத்தான் காட்டுவேன்.

திப்பு ராக்கெட் விட்டாருன்னு சொல்றாங்களே, அதை வெச்சு ஏன் ஜெயிக்கல?

இரும்புக் குழலில் மருந்து அடைத்து மூங்கில் கட்டிய ராக்கெட்டுகள் உண்மைதான். பொள்ளிலூரில் பயன்பட்டன. பின்னால் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்ய இவைதான் தூண்டுதல். குதிரையையும் மாட்டையும் மிரள வைக்க அருமையான ஆயுதம். ஆனால் குறி தவறும், கோட்டைச் சுவரை உடைக்காது. போரின் போக்கை மாற்ற அது மட்டும் போதாது.

ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதானே சண்டை போட்டாங்க? இதையும் உள்நாட்டுப் போர்னு சொல்லலாமா?

பாடப்புத்தக அர்த்தத்தில் சொல்ல முடியாது. ஒரே அரசுக்குள் அதிகாரத்துக்காக இரண்டு தரப்பு மோதினால்தான் உள்நாட்டுப் போர். இங்கே மைசூர் தனி அரசு, கம்பெனி கடல் தாண்டி வந்த வியாபார நிறுவனம், ஆற்காடு நவாப் வேறு.

ஆனால் படிகளில் ஏறியவர்கள் யார், கல்லை உருட்டியவர்கள் யார் என்று பார்த்தால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கம்பெனியின் சென்னைப் படையில் வெள்ளைக்காரர்கள் சிறுபான்மை. பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் உருதும் பேசிய சிப்பாய்கள், ஆற்காட்டுச் சீமையிலும் கடலோரத்திலும் ஆள் எடுத்தது. மைசூர்ப் படையிலும் இந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். கோட்டைகளில் காவலுக்கு இருந்த கந்தாசாரம் என்ற உள்ளூர்ச் சேவகர்கள் பக்கத்துக் கிராமத்துக் குடியானவர்கள்தான். பிடிபட்ட சிப்பாய்களை எதிர்த்தரப்புப் படையில் சேர்ப்பதும் சகஜம். பாகலூர், சூளகிரி, பேரிகைப் பாளையக்காரர்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், யார் கை ஓங்குகிறது என்று பார்த்தே பிழைக்க வேண்டியிருந்தது. அவர்களைத் துரோகி, வீரன் என்று முத்திரை குத்துவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு பருவத்தில் இரண்டு தரப்பும் வந்து வரி கேட்டால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்?

ஜனங்க என்ன ஆனாங்க? அதைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கறாங்களே.

எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்பதுதான் இந்தப் போர்களின் மையம். அப்படியென்றால் அந்தத் தானியத்தை விளைவித்தவனுக்கும் கிடைக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். 1780-ல் ஹைதர் சென்னையையும் வேலூரையும் சுற்றி ஊர் ஊராக எரித்தார். 1791-ல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிப் பேட்டையை எரித்தார். இரண்டு நெருப்பும் ஒன்றுதான். தந்திரம் என்று நாம் மேலே பாராட்டியதெல்லாம் கீழே ஒருவன் களத்துமேட்டில் நடந்தது. படை வருகிறது என்றால் மாட்டையும் விதை நெல்லையும் எடுத்துக்கொண்டு மலைக்காட்டுக்குள் போவதுதான் வழி. ஏரிக்கரை உடைந்தால் கட்ட ஆள் இல்லை, அடுத்த வருடம் மழை பெய்தும் பயன் இல்லை.

1792-ல் கம்பெனி கைக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து குடியானவனிடம் நேராக வரி வாங்கும் முறையை இங்கேதான் செய்து பார்த்தார்கள். பிற்பாடு அது இரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் போயிற்று. நம் நிலத்தின் பட்டாக் கதையும் இந்தப் போரிலிருந்துதான் கிளைக்கிறது.

கடைசியா ஒண்ணு. பாரமகாலைக் கொடுக்காம இருந்திருந்தா திப்பு தப்பிச்சிருப்பாரா?

1792-ல் அவர் பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர ஒப்புக்கொண்டு, தன் மகன்களில் இருவரைப் பிணையாக அனுப்பினார். அதில் போர் முறைப்படி பார்த்தால் மிகப் பெரிய இழப்பு பாரமகால் என்பதே என் கருத்து. அதுவரை எதிரி சென்னையிலிருந்து கிளம்பினால், மேட்டைத் தொடுவதற்குள் இந்தத் தட்டைக் கடக்கும் வாரங்களில் மைசூர்க் குதிரைப்படை அவனைக் கடித்துத் தின்றுவிடும். 1799-ல் அந்த வாரங்களே இல்லை. ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் பாரமகாலைக் கடந்து, மார்ச் 5-ம் தேதி இராயக்கோட்டைப் பக்கமிருந்து மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. கூட வந்த மாடுகள் ஒரு லட்சத்துக்கு மேல்.

அப்படியும் ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட படைக்கு அரிசித் தட்டுப்பாடு வந்தது. பாரமகாலில் தானியம் சேர்த்து மேலே அனுப்பும் பொறுப்பு ஏற்கனவே ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. எந்த ஊரில் எவ்வளவு விளையும், எந்த வழியில் மாடு ஏறும் என்று ஏழு வருடம் அளந்து கணக்கு வைத்திருந்த அதே ரீட்தான் அவர்.